சும்மா படித்தல்

மனிதகுலத்தின் மறதியை நான் ஒழித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு. நேரத்தை இவ்வளவு துல்லியமாகக் குறிப்பிடுவதற்குக் காரணம், பின்னாளில் என்னைப் பற்றி எழுதப்போகிறவர்கள் சிரமப்படக் கூடாது என்ற அக்கறைதான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவருக்கு இந்த அக்கறை இருக்கவில்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவரும் தேதி போடவில்லை. வரலாற்றில் நிறைய பேர் பொறுப்பில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

நான் கண்டுபிடித்தது ஒரு தட்டு. ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் பாட்டும் படமும் ஏற்றி வைத்திருந்த, வெளிச்சத்தில் காட்டினால் வானவில் தெரிகிற அதே வட்டத் தட்டுதான். இதில் எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். கடையில் விற்ற தட்டுகள் ஆயிரம் தடவை அழித்து எழுதினால் கையை விரித்துவிடும். என்னுடையது ஒரு லட்சம் தடவை எழுதிய பிறகும் அசரவில்லை.

"இப்ப யாருடா தட்டு வாங்கறாங்க?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"அம்மா, கரண்டே இல்லாம நூறு வருஷம் ஞாபகம் வெச்சுக்கற பொருள் உலகத்துல ரொம்பக் கம்மி."

"கல்யாணமான மூணாம் நாள் உங்கப்பா சொன்ன ஒரு வார்த்தைய நான் முப்பது வருஷமா கரண்ட் இல்லாமதான் ஞாபகம் வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

அந்தத் தொழில்நுட்பத்தோடு எங்கள் ஆய்வகம் போட்டி போடவில்லை என்று விளக்கிவிட்டு வைத்தேன்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஜெர்மேனியம், ஆன்டிமனி, டெலூரியம் மூன்றையும் கலந்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றிய கலத்துக்குள் வைத்து, தட்டின் மேல் அணு அணுவாகப் படிய வைக்கிறோம். தலைமுடியின் தடிமனில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. இந்தப் படலத்தில் லேசரால் சுள்ளென்று ஒரு சூடு போட்டால், அறுநூறு டிகிரிக்கு மேல் போய் உருகி, அடுத்த கணமே குளிர்ந்து, அணுக்கள் எங்கெங்கே நின்றனவோ அங்கங்கே அப்படியே உறைந்துவிடும். பேருந்து நிலையக் கூட்டத்தைப் போட்டோ பிடித்த மாதிரி. அந்த இடம் மங்கித் தெரியும். அதுதான் எழுத்து. அதே இடத்தை உருகாத அளவுக்கு மட்டும் சூடாக்கி நிதானமாக வருடிக் கொடுத்தால், அணுக்கள் போய் வரிசையில் நின்றுகொள்ளும். பளபளப்பு திரும்பிவிடும். அதுதான் அழித்தல். ஆக, எழுதுவது என்றால் கலைத்துப் போடுவது. அழிப்பது என்றால் ஒழுங்குபடுத்துவது. அண்ணி என் மேசையை ஒழுங்குபடுத்திய ஒவ்வொரு முறையும் இந்த அறிவியலின் ஆழத்தை நான் உணர்ந்திருக்கிறேன்.

நான்கு வருடம் எட்டு மாதமாக இந்தப் படலத்தோடு மல்லுக்கட்டினேன். நைட்ரஜனைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். காற்றை உறிஞ்சும் பம்பு திங்கட்கிழமை தோறும் எண்ணெய் கக்கியது. கலத்தைப் பயன்படுத்த வரிசையில் பெயர் எழுதி வைத்துவிட்டுப் பதினொரு நாள் காத்திருந்தால், பன்னிரண்டாம் நாள் கலத்துக்கு வேண்டிய ஆர்கான் வாயு உருளை காலியாக இருக்கும். அதற்கு விண்ணப்பம் கொடுத்தால், விண்ணப்பப் படிவம் காலியாக இருக்கும். இத்தனையும் தாண்டி ஒரு தட்டு செய்து, சோதனைக் கருவியில் போட்டு, அழித்து எழுதி அழித்து எழுதி ஓடவிட்டால், அறுநூற்று நாற்பதில் செத்துவிடும். அடுத்த தட்டு அறுநூற்று முப்பத்தெட்டு. அதற்கடுத்தது, நான் கண்மணியைப் போலப் பொத்திப் பாதுகாத்தது, அறுநூற்று நாற்பத்தொன்று. தோல்வி கூட ஒழுங்காக மாறி மாறி வரக் கூடாதா?

இந்த நிலையில்தான் துறையிலிருந்து கடிதம் வந்தது. மாத இறுதிக்குள் குறிப்பிடத்தக்க முடிவு எதையும் காட்டாவிட்டால் என் ஆய்வுப் பதிவு ரத்து. அதாவது நான் ஒழுங்குபடுத்தப்படுவேன். நான்கு வருடம் எட்டு மாதத்துக்குப் பதில் கையில் ஒரு வெற்றுக் காகிதம்கூட இருக்காது.

கடிதத்தைப் பேராசிரியரிடம் காட்டினேன். எங்கள் பேராசிரியர் எதையும் முழுசாகப் படிக்கும் முன் "அடுத்து?" என்பார். அதனால் அவர் பெயர் அடுத்து. கடிதத்தின் முதல் வரியைப் படித்தார்.

"அடுத்து?"

"அடுத்து ஒண்ணுமில்ல சார். அதுதான் பிரச்சினை."

"சரி, அடுத்த தட்டப் போடு" என்றார்.

சோதனைக் கருவி எனக்கு மட்டும் சொந்தமில்லை. ஆய்வகத்தில் என்னைவிட ஒரு வருடம் இளையவள் ஒருத்தி இருக்கிறாள். காலையில் கருவி அவளுக்கு, மதியத்துக்கு மேல் எனக்கு. அவள் தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு பழைய தட்டைப் போட்டு, அதில் எழுத்து ஓடும் வட்டக் கோடுகளில் ஒன்றை, அதாவது ஒரு தடத்தை, அழித்து, அழித்த தடத்தை இருபது நிமிடம் உட்கார்ந்து படிப்பாள். அழித்த தடத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று திரை சொன்னதும் அதை நோட்டில் எழுதிக்கொள்வாள். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பண்ற?"

"சும்மா இருக்கான்னு பாக்கறேன், சீனியர்."

"சும்மா இருக்கறத எதுக்குப் பாக்கணும்?"

"சும்மா இருக்க வேண்டிய எடத்துல ஏதாச்சும் இருந்துட்டா?"

"இருந்தா என்ன பண்ணுவ?"

"தெரியல. இதுவரைக்கும் இருந்ததில்ல."

அன்றிலிருந்து அவள் பெயர் சும்மா. நோட்டிலும் அதையேதான் எழுதுவாள்: "சும்மா – சரி." நாளுக்கு ஒரு வரி, முந்நூறு நாள். ஒருநாள் மனக்கணக்குப் போட்டேன். நூறு மணி நேரம் ஒன்றுமில்லாததைப் படித்திருக்கிறாள்.

"அந்த நேரத்துல ஒரு புது பாஷை கத்துக்கிட்டிருக்கலாம்" என்றேன்.

"கத்துக்கிட்டு? உங்ககிட்ட பேசணும்னா மொதல்ல மூக்கப் பொத்தணும்" என்றாள்.

இது அநியாயமான தாக்குதல். டெலூரியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கலத்தைச் சுத்தம் செய்யும்போது முகமூடி போடாமல் துளித் தூசை முகர்ந்தாலும் போதும், வாரக்கணக்கில் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். பல் விளக்கினாலும் போகாது. எனக்கு முகமூடி மூக்கை உறுத்தும். அதனால் வீட்டில் அண்ணி எனக்குச் சாப்பாட்டு மேசையின் கோடியில், ஜன்னலை ஒட்டி, இடம் ஒதுக்கியிருந்தாள். "பூண்ட உரிச்சு சாப்ட்டியா, மூட்டையோட சாப்ட்டியா?" என்பாள் தினமும். அண்ணன் நியாயவான், எதுவும் சொல்லாமல் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைப்பான்.

பதிலுக்கு நானும் சும்மா இருக்கவில்லை. தேநீர் இடைவேளையில் எல்லார் முன்னாலும் காலிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பேன். சந்தேகம் வந்தது போல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். பிறகு தலையை நிமிர்த்தி, "சும்மா – சரி" என்று அறிவிப்பேன். நன்றாகக் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். மறுநாள் காலை மறுபடி போய் இருபது நிமிடம் உட்கார்ந்தாள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு நாகரிகம் எப்படி முன்னேறும் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

அவள் தங்கைக்குப் பிரசவம் என்று ஒரு வாரம் விடுப்பில் போனாள். கருவி முழுநாளும் எனக்கு. வெள்ளிக்கிழமை புதுத் தட்டு ஒன்றைப் போட்டு ஓடவிட்டேன். அறுநூற்று நாற்பதுக்குக் காத்திருந்தேன். வந்தது, போனது. எழுத்து அப்படியே தெளிவாக இருந்தது. ஆயிரம். ஐயாயிரம். சனி, ஞாயிறு, திங்கள் முழுக்க ஓடியது. செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு ஒரு லட்சத்தைத் தொட்டது. வரைபடத்தில் கோடு நேராகப் போய், கடைசியில் மட்டும் இரண்டு சதவீதம் இறங்கியிருந்தது. அந்த இறக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோடு இறங்காமல் இருந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். கொஞ்சமாக, மரியாதையாக, வயதானது போல இறங்கியது.

அடுத்து வரைபடத்தைப் பார்த்தார். முதல்முறையாக "அடுத்து?" என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசியில் இருந்த இறக்கத்தை விரலால் தடவி, "இது உண்மை. பொய்யா இருந்தா இந்த எறக்கம் வராது" என்றார். பிறகு தட்டு தயாரிக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தார். வெள்ளிக்கிழமை ஒரு பொறியாளர் வந்து பார்ப்பதாக முடிவானது. துறைத் தலைவரும் உட்காருவார். என் பதிவு பிழைத்தது.

அன்று வீட்டில் என்னை மேசையின் நடுவில் உட்கார வைத்தார்கள். அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டு பரிமாறினாள். "எங்க கொழுந்தன் என்னமோ கண்டுபிடிச்சிருக்கான்" என்று மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் அவளே போய்ச் சொல்லியிருந்தாள். என்ன கண்டுபிடித்தேன் என்று கேட்டவர்களிடம், "மறக்காம இருக்கறதுக்கு மருந்து" என்று சொல்லிவிட்டாளாம். மறுநாள் காலை மாடி வீட்டுக்காரர் தன் மாமனாருக்கு ஒரு வாரத்துக்குக் கேட்டு வந்தார்.

புதன்கிழமை சும்மா விடுப்பு முடிந்து வந்தாள். என் வரைபடத்தைச் சுவரில் பார்த்தாள்.

"ஒரு லட்சமா! சீனியர், நெஜமாவா?"

"நூறாயிரம்னும் சொல்லலாம்."

"நல்லா இருங்க" என்று மனசாரச் சொல்லிவிட்டுத் தன் பழைய தட்டை எடுத்துக்கொண்டு கருவியில் உட்கார்ந்தாள். அரைமணி கழித்து அவள் குரல் கேட்டது.

"சீனியர், சும்மா இல்ல."

"யாரு?"

"தடம். அழிச்சிட்டுப் படிச்சா எழுத்து அப்படியே இருக்கு."

"இன்னொரு தடவ அழி."

"நாலு தடவ அழிச்சிட்டேன். கல்லு மாதிரி இருக்கு."

"பாத்தியா? முந்நூறு நாளா நீ மொறச்சு மொறச்சுப் பாத்ததுல அதுக்கே ரோஷம் வந்திருச்சு" என்றேன். சிரித்தது நான் மட்டும்தான்.

அவள் அழிக்கும் லேசரின் சக்தியைக் கூட்டினாள். மறுபடி கூட்டினாள். எழுத்து நகரவில்லை. வியாழக்கிழமை காலை நான் போனபோது கருவியின் தலைப்பாகத்தைக் கழற்றி மேசையில் பரப்பியிருந்தாள். திருகாணிகள் ஒரு மூடியில், லென்ஸ் ஒரு துணியின் மேல். கண் சிவந்திருந்தது.

"லேசர் போயிருச்சுன்னு நெனக்கறேன். புதுசு வர ஆறு வாரமாகும்" என்றாள். "நல்லவேளை சீனியர், நான் இல்லாதப்ப உங்க வேலைய முடிச்சிட்டீங்க. நான் வந்து தொட்ட ஒடனே கெட்டுப்போச்சு."

அவளுக்கு ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று தோன்றியது. பூண்டு வாடையை நினைத்து வாயைத் திறக்கவில்லை.

மதியம் அவள் லென்ஸைத் துடைத்து மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனாள். வெள்ளிக்கிழமை உரைக்காக, ஒரு லட்சம் ஓடியபோது கருவியில் இருந்த அமைப்புகளை ஒரு படமாக எடுத்து வைக்கலாம் என்று நான் திரை முன் உட்கார்ந்தேன். அந்த மென்பொருளை எழுதியவர் எங்களுக்கு முன்னால் பட்டம் வாங்கிப் போன யாரோ ஒரு மகான். முதல் பக்கத்தில் தேவையில்லாத எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். தேவையானது இரண்டாம் பக்கத்தின் அடியில், ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது.

பூஜ்ஜியம் இருக்க வேண்டும்.

அந்தக் கட்டத்தின் வேலை இதுதான்: எழுதிய தடத்திலிருந்து எத்தனை தடம் தள்ளிப் படிக்க வேண்டும். அதில் ஒன்று போட்டது யார் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் விடுப்பில் போன அன்று என் தட்டு ஒன்றில் கீறல் விழுந்தது. பக்கத்துத் தடமாவது தப்பித்ததா என்று பார்க்க அந்த ஒன்றைப் போட்டேன். பார்த்தேன். எரிச்சலில் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கருவி புதுத் தட்டைத் தொடங்கும்போது முதலில் பதினொரு தடங்களில் ஒரே எழுத்தை ஒரு தடவை எழுதிவைக்கும். பிறகு நடுத் தடத்தை மட்டும் அழித்து அழித்து எழுதும். நடுத் தடம் நான்கு நாளாக வெந்து கொண்டிருந்தது. நான் படித்ததோ பக்கத்துத் தடத்தை. ஒரே ஒரு தடவை எழுதப்பட்டு, அதற்குப் பிறகு யாரும் சீண்டாமல் ஹாயாக உட்கார்ந்திருந்த தடத்தை. ஒரு லட்சம் தடவை அதைப் படித்து, ஒரு லட்சம் தடவை வியந்திருக்கிறேன். கடைசியில் வந்த அந்த மரியாதையான இறக்கம்? பக்கத்து வீடு எரியும்போது நம் வீட்டுச் சுவர் சுடுவது.

கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டு என் தட்டின் நடுத் தடத்தைப் படித்தேன். திரையில் இரைச்சல் மட்டும் வந்தது. எழுத்தும் இல்லை, பளபளப்பும் இல்லை. படலம் கிழிந்து எந்தக் காலத்திலோ செத்துப் போயிருந்தது. எத்தனையாவது தடவையில் என்பதுகூடத் தெரியாது.

அழித்துவிட்டுப் படித்திருந்தால் முதல் இருபது நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

நான் கெட்டவன் இல்லை. கட்டத்தில் பூஜ்ஜியத்தை அப்படியே விட்டேன். அவளும் இரண்டு நாளாக ஒரு தடத்தை அழித்துவிட்டுப் பக்கத்துத் தடத்தைத்தான் படித்திருக்கிறாள்; இனி அவள் கருவி சரியாகிவிடும். வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. என் பதிவும் சரியாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. மனிதகுலத்தின் மறதியைக் கொஞ்சம் தாமதமாகத் தீர்த்துக்கொள்ளலாம். அது இத்தனை காலம் காத்திருந்ததுதானே. என் தட்டை உறையில் போட்டு, இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

சாப்பிட்டு வந்தவள் பழைய தட்டைப் போட்டாள். இருபது நிமிடம் கழித்து நாற்காலியோடு சுழன்றாள்.

"சீனியர்! சும்மா! சும்மா!"

"வாழ்த்துகள்" என்றேன்.

"லென்ஸ்ல தூசு! ரெண்டு நாளா லேசர் லேசர்னு அழுதுட்டிருந்தேன், வெறும் தூசு!"

நோட்டில் எழுதினாள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கொட்டை எழுத்தில், "அழித்த தடத்தில் எழுத்து தெரிந்தால் லென்ஸைத் துடைக்கவும்" என்று எழுதிக் கருவியின் மேல் ஒட்டினாள். அந்தத் தாள் எனக்குப் பிறகும், என் பிள்ளைகளுக்குப் பிறகும் அங்கே இருக்கும் என்று தோன்றியது. யாரோ ஒருத்தர் வருங்காலத்தில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

பிறகு அவள் முகம் மாறியது. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

"தூசு ஒரே நாள்ல வராதே, சீனியர்."

"வரலாம். காத்து."

"இல்ல, கொஞ்சம் கொஞ்சமாதான் படிஞ்சிருக்கும். அப்படின்னா போன மூணு மாசம் நான் எடுத்த அளவெல்லாம் தூசு வழியா எடுத்தது." விரலை ஒரு பக்கத்தில் வைத்தாள். "தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து எடுக்கணும்."

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும். நீதான் தெனமும் பாத்தியே, சும்மா சரின்னு."

"கொஞ்சமா தூசு இருந்தா அதுல தெரியாமப் போயிருக்கலாம். இனிமே அத நம்ப முடியாது." அவள் பேனாவை எடுத்து, மூன்று மாதப் பக்கங்களுக்கும் குறுக்கே, நிதானமாக, அளவுகோல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள். கோபமே படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. நானாக இருந்தால் நாற்காலியை உதைத்திருப்பேன்.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்கன்னு பயமா?" என்றாள் அண்ணி. "மருந்து வேல செய்யுமா, செய்யாதா? மாடில கேட்டுட்டே இருக்காங்க."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நிறுவனத்திலிருந்து அந்தப் பொறியாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, ஜலதோஷம், கையில் ஒரு கைக்குட்டையும் தேய்ந்த பேனாவும். என்னோடு கைகுலுக்கியவர் ஒரு கணம் மூக்கை உறிஞ்சி, "டெலூரியமா? மாஸ்க் போடுங்க தம்பி" என்றார். ஜலதோஷத்தையும் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது.

துறைத் தலைவர் முன்வரிசையில். பக்கத்தில் அடுத்து. கடைசி வரிசையில் சும்மா, மடியில் கோடு போட்ட நோட்டோடு. நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். வரைபடம் வந்ததும் துறைத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி இறக்கத்தைப் பற்றி அடுத்து தானாகவே எழுந்து ஐந்து நிமிடம் விளக்கினார். பொருளின் இயல்பான முதுமை என்றார். நான் குறுக்கே பேசவில்லை. என் பதிவு நீட்டிப்புக் கடிதம் துறைத் தலைவரின் கோப்புக்குள் இருப்பது எனக்குத் தெரியும். கையெழுத்துக்கு இடம் விட்டு அச்சடித்ததை நானே பார்த்திருந்தேன்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் பொறியாளர். "ஒரே ஒரு கேள்வி. எங்க தொழிற்சாலையில எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. அழிச்சதும் எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுப் பாத்தீங்கல்ல?"

ஆமாம் என்று சொல்ல ஒரு தலையசைப்பு போதும். தலை என்னுடையதுதான். அடுத்து எனக்காக ஏற்கெனவே ஆட்டத் தொடங்கிவிட்டார். பின்வரிசையில் சும்மா நோட்டின் அட்டையை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அவள் சந்தேகப்பட்டது மூன்று மாதம் தான் எடுத்த அளவுகளை.

"இல்லைங்க" என்றேன்.

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட. படிச்சிருந்தா எழுத்து அப்படியே இருந்திருக்கும். நான் படிச்சது பக்கத்துத் தடம்." ஆரம்பித்தாகிவிட்டது, நடுவில் நிறுத்த வழி தெரியவில்லை. "இரண்டாம் பக்கத்துக் கட்டத்துல நான் ஒண்ணு போட்டு மறந்துட்டேன். லென்ஸ்ல தூசு எதுவும் இல்ல. அந்த மூணு மாசத்து அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. கோடு போட வேண்டாம்."

கடைசி மூன்று வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்று முன்வரிசையில் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையில் விரல் தட்டுவது நின்றது.

மறதியை ஒழித்தவன் ஒரு கட்டத்தை மறந்திருக்கிறான் என்பதைத் துறைத் தலைவர் நாசூக்காகச் சொல்லிக் காட்டவில்லை. நேராகவே சொன்னார். கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். பொறியாளர் கைக்குட்டையை மடித்து, "அப்ப நடுத் தடம் எத்தனையில செத்துச்சு?" என்றார். தெரியாது என்றேன். "தெரிஞ்சா எழுதுங்க" என்று சொல்லி, தன் முகவரியை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்ன சொல்வார் என்று தெரியும். ஆனால் அவருக்கே அந்த வார்த்தை வரவில்லை.

சும்மா கருவி அறையில் காத்திருந்தாள். அந்தத் தாளைக் கருவியிலிருந்து கிழித்து என் நெஞ்சில் ஒட்டினாள்.

"நேத்தே தெரியுமா?"

"மதியம் தெரியும்."

"நான் கோடு போடறப்ப பக்கத்துல நின்னு பாத்தீங்க."

"ஆமா."

"கம்ப்யூட்டர்ல இருந்ததையும் அழிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"அழிச்சிட்டியா?"

"இல்ல. எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வெச்சிருப்பேன். என் பழக்கம். போங்க, போய்க் கோப்பைய வெச்சு அதையும் நடிச்சுக் காட்டுங்க."

நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மாடி வீட்டுக்காரரிடம் மருந்து பலிக்கவில்லை என்று அண்ணி சொல்லிவிட்டாள். "பரவால்ல, எங்க மாமனாரும் கேட்டத மறந்துட்டாரு" என்றாராம். அம்மா போனில் எதுவும் கேட்கவில்லை; அப்பா சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னவென்று நானும் கேட்கவில்லை. துறையிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பதிவை உடனே ரத்து செய்வதற்குப் பதில் மூன்று மாதம் அவகாசம். அதுவும் பேராசிரியர் அடுத்து யாரிடமோ போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்ததால் என்று கேள்வி. மூன்று மாதத்தில் என்ன கிழித்துவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அதே கலவையில் புதுத் தட்டு போட்டேன். கட்டத்தில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓடவிட்டேன். எழுநூற்றுப் பன்னிரண்டில் செத்தது. பழைய அறுநூற்று நாற்பதைவிட எழுபத்திரண்டு அதிகம். அதைப் பொறியாளருக்கு எழுதிப் போட்டேன். இதுவரை பதில் இல்லை.

காலையில் கருவி அவளுடையது. ஒன்பது மணிக்கு வருவாள். இன்று நான் எட்டரைக்கே போனேன். ஆய்வகத்தில் யாருமில்லை. பம்பு எண்ணெய் கக்கியிருந்தது, திங்கட்கிழமை. முகமூடியைச் சரி செய்துகொண்டு தட்டைப் போட்டேன், ஒரு தடத்தை அழித்தேன், படிக்க விட்டேன். திரையில் ஒரு தட்டையான கோடு ஊர்ந்து போனது. பார்க்க ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்த சத்தம் கேட்டது. அவள் இன்று சீக்கிரம்.

"என்ன சீனியர் பண்றீங்க?"

திரையை மறைக்க நேரமில்லை.

"சும்மாதான்" என்றேன். இன்னும் நான்கு நிமிடம் பாக்கி இருந்தது.